பாலத்துக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள கர்ட்டிஸுக்கு,

ட்வைலா எழுதிக்கொள்வது. நானும் கேசியும் நலம். சரக்குப் படகில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன தடவை வந்தபோது உன் பெல்ட் எட்டவில்லை, அதனால் அந்தக் கவலை எனக்கு அதிகம் இல்லை.

"ஒரு மணி நேரம் பேசறதுக்கு எதுக்கு ஆத்தைத் தாண்டிப் போறீங்க?" என்று ஃபோனில் கேட்டாய். பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். ஒஹாயோவில் இருந்தவரை மனநல ஆலோசகர் மிஸ் ஹோல்ப்ரூக் பள்ளிக்கூடத்துக்கே வந்து கேசியைப் பார்த்தார். அரசுக் காப்பீடு பணம் கொடுத்தது. உன் வேலைக்காக மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்ததும் அது போயிற்று. இங்கே பள்ளி முழுவதற்கும் ஒரே ஆலோசகர். இவள் முறை வருவதற்குள் கோடை விடுமுறையே வந்துவிடும்.

மிஸ் ஹோல்ப்ரூக்கின் உரிமம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒஹாயோவுக்கு மட்டும்தான். கேசி அங்கே இருந்துகொண்டு வீடியோவில் பேசினால் உன் கம்பெனிக் காப்பீடு பணம் கொடுக்கும். நம் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசினால் கொடுக்காது. அதனால் புதன்கிழமைதோறும் பாலம் தாண்டி, தீவனக் கடை வாசலில் காரை நிறுத்தி, ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே நிற்கிறேன். "கோழி வளக்கறதா வேணாமான்னு இன்னுமா முடிவு பண்ணலை?" என்று கடைக்காரர் வாராவாரம் கேட்கிறார்.

பேச ஆரம்பிக்கும் முன் "இப்போ எங்க இருக்கே?" என்று மிஸ் ஹோல்ப்ரூக் கேட்டாக வேண்டும். போன வாரம் பாலத்தில் பனி உறைந்து கிடந்தது. "வீட்லேர்ந்தே பேசு, அந்தப் பக்கம் இருக்கேன்னு சொல்லிடு" என்றேன். கேசி ஷூவை மாட்டிக்கொண்டாள். "நான் பொய் சொல்லாம பேசறது அவங்க ஒருத்தர்கிட்டதாம்மா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. போன மார்ச் மாதம் நீ குளியலறைக் கதவை உடைத்துத் திறந்து அவளைக் காப்பாற்றினாயே, அதற்கு முதல் நாள் இரவுகூட நம்மிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னவள் இவள்தான்.

காப்பீட்டுக்காரர்கள் அனுமதித்த தடவைகள் இந்த மாதத்தோடு முடிகின்றன. இன்னும் சில தடவை நீட்டிக்கச் சொல்லி நான் கூப்பிட்டேன். "பாலிசி உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, அவரைப் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். நீ தள்ளிப்போடுகிறாய். விஷயம் தெரிந்தால் படகில் கேலி செய்வார்கள் என்று உனக்குக் கூச்சம். அது மட்டுமில்லை என்றும் தெரியும். அந்தக் கதவைப் பற்றி நீ இதுவரை என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேச வேண்டாம், கர்ட்டிஸ். அவள் பேசுவதற்கு மட்டும் வழி விடு.

வரும் புதன்கிழமை சாயங்காலம் உன் படகு இந்தப் பாலத்தின் கீழே வரும் என்றாயே. தீவனக் கடை வாசலிலிருந்து ஆறு நன்றாகத் தெரியும். அதற்குள் காப்பீட்டுக்காரர்களிடம் பேசியிருந்தால், கேப்டனிடம் சொல்லி ஹாரனை ஒரு தடவை அடிக்கச் சொல்.

பேசியிருக்காவிட்டாலும் அடிக்கச் சொல். படகு எது வந்தாலும் கேசி ஃபோனை இறக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறாள்.

தண்ணீரில் கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன்,
ட்வைலா