நான் தின்னாத துண்டு

ஜூலை 3
பாலம் உடைந்து எட்டு நாள். ரேஷன் லாரி வரவில்லை. வனக்காவலன் வந்து, "ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வேலையிலிருந்த இவன் அப்பன் என் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதையே இன்னும் நான் பொறுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 5
அரிசி தீர்ந்தது. மருமகள் கஞ்சி என்று வெந்நீரை வைத்தாள். அதையும் குடித்தேன்.

ஜூலை 6
பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். கசப்புக்கிழங்கு தோண்டினால் என்ன என்கிறார்கள். ஒருத்திக்கும் பக்குவம் தெரியாது. வட்டமாகச் சீவி, சாம்பல் போட்டு வேகவைத்து, கூடையில் கட்டி ஓடைத் தண்ணீரில் மூன்று நாள் கிடக்கவிட வேண்டும். அவசரப்பட்டால் விஷம். எடுக்கும் காலையில் அன்றைக்கு முறை வந்தவள் எல்லார் முன்னாலும் ஒரு துண்டு தின்றுவிட்டு உட்கார வேண்டும். வெயில் உச்சிக்கு வரும்வரை அவளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் பிள்ளைகளுக்கு. தன் முறையை அடுத்தவள் தலையில் கட்டினால் அந்தக் குடும்பத்துக்கே கூடையில் பங்கு கிடையாது.

"வேற யாருக்குப் பாட்டி இதெல்லாம் தெரியும்?" என்றாள் பேத்தி.

"ஒருத்திக்கும் தெரியாது."

பொய். என் ஓரகத்திக்குத் தெரியும்.

ஜூலை 7
ஓடையில் கூடை கட்டினோம். ஓரகத்தி கோலூன்றிக்கொண்டு வந்தாள். தையல்காரி, "திருட்டுவாய் வருதுடி, கூடையைப் பிடிச்சுக்குங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெயரை வைத்தவள் நான். தையல்காரி அப்போது பிறக்கவேயில்லை.

ஓரகத்தி கோணிய வாயால், "தண்ணி வேகம் பத்தாது. மேல தள்ளிக் கட்டுங்க" என்றாள். யாரும் காது கொடுக்கவில்லை. அவள் போன பிறகு நான்தான் மேலே தள்ளிக் கட்டச் சொன்னேன். என் யோசனை போல.

ஜூலை 8
மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது? எழுதித்தான் ஆக வேண்டும்.

நாற்பத்தொரு வருடம் ஆகிறது. மழை பொய்த்த வருடம். கூடை எடுக்கும் காலை, முறை எனக்கு. வயிற்றில் பிள்ளை. முதல் இரண்டும் தங்கவில்லை என்பதால் இதை வெளியே சொல்லவே பயம். ஓரகத்திக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் ஓடையில் நாங்கள் இரண்டு பேர்தான். துண்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவள் பார்த்தாள். "குடுக்கா, நான் தின்னு பாக்குறேன். நல்லாயிருந்தா அப்புறம் நீ தைரியமா தின்னு" என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நுரை தள்ளி விழுந்தாள்.

ஊர் ஓடி வந்தது. என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார்கள். நான் — என்ன சொன்னேன்? "திருடித் தின்னுட்டா"ன்னு சொன்னேன். பாவி, சொன்னேனே! யோசிக்கக்கூட இல்ல. வாயில வந்துருச்சு.

கூடையைத் திரும்ப ஓடையில் போட்டார்கள். ஒரு பிள்ளையும் சாகவில்லை. அவள் பிழைத்தாள், வாய் கோணிப் போனது. திருடியதற்கு என்று அவள் வீட்டுக்குப் பங்கு நின்றது. நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். என் பித்தளைச் செம்பை நெளித்துவிட்டாள் என்று ஊரில் காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தச் செம்பை நெளித்ததும் நான்தான்.

ஜூலை 9
முறை யாருக்கு என்று கேட்டார்கள். எனக்கு என்றேன். மகன் குதித்தான். "உனக்கென்ன பைத்தியமாம்மா?"

ஜூலை 10
துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று வயிற்றில் இருந்த மகன் என்னையே பார்த்தான்.

ஓரகத்தி பாறை மேல் இருந்தபடி கேட்டாள்: "இப்ப எதுக்குச் சொல்ற? தின்னா செத்துருவோம்னு பயமா?"

"ஆமா" என்றேன். வாயில் போட்டு விழுங்கினேன்.

அவள் எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கே ஏன்டி நீ சொல்லல?"

"சொன்னேன். கோணின வாயில என்ன சொன்னாலும் யாருக்குப் புரிஞ்சுது? பேச்சு ஒருமாதிரி திரும்புறதுக்குள்ள உன் வயிறு தெரிய ஆரம்பிச்சுருச்சு. பங்கை நிறுத்துனா அந்த வயித்தோட எங்க போவ?"

வெயில் உச்சிக்கு வந்தது. அவள் என் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல. பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, கோலை ஊன்றிப் போய்விட்டாள்.

ஜூலை 11
அவள் வீட்டு வாசல் வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. "வராத" என்றாள் உள்ளேயிருந்து. திரும்பிவிட்டேன்.

ஜூலை 19
பாலம் சரியாகி லாரி வந்தது. ஆனாலும் பெண்கள் கிழங்கு தோண்டப் போனார்கள், பக்குவம் கை விட்டுப் போகக் கூடாதாம். தூக்காத குறையாக ஓரகத்தியைக் கூட்டிப் போனார்கள். பேத்தியும் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எந்த முகத்தோடு போயிருப்பேன்?

சாயங்காலம் மகன் அரிசியில் பாதியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். பிறந்ததிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவன். அவனை மிதிக்க விடாதவள் நான். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

"என்னடா சொன்னா?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னான். முகத்தைக் கழுவப் பின்பக்கம் போனவன், தொட்டித் தண்ணீர் தீரும்வரை உள்ளே வரவில்லை.