அக்கா பெயரில் ஒரு பூட்டு

மார்ச் 4, செவ்வாய்

மழை. ஷூ நனைந்துவிட்டது.

அக்காவுக்கு நேற்று மதியம் பிரசவ வலி வந்துவிட்டதாம். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நாள் இன்னும் இருந்தது. யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவர் அக்காதான், மேலாளருக்குக்கூட.

காலையில், நாங்கள் உருவாக்கிவரும் லிஃப்டின் வடிவமைப்பைத் திறந்தேன்; பெட்டிகளும் அம்புகளுமாக வரைந்த படம். ‘மின்தடை’ பகுதி மட்டும் சாம்பல் நிறத்தில். ஓரத்தில் குட்டிப் பூட்டு, அதில் அக்காவின் பெயர். ஒருவர் ஒரு பகுதியைக் கையில் எடுத்தால் மென்பொருள் அதை அவர் பெயரில் பூட்டிவைக்கும். அவர் வேலையைச் சர்வருக்கு அனுப்பும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது.

மின்சாரம் போனால் லிஃப்ட் எங்கே நிற்கும், கதவு எப்போது திறக்கும் எல்லாம் அங்கேதான். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வந்து பார்க்கப்போவதும் அதைத்தான். சர்வரில் இருப்பது பழைய வடிவம். அதில், லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றாலும் கதவு திறக்கிறது.

மேலாளர்: “பூட்ட உடைச்சுட்டு வேலையப் பாருப்பா.”

எப்படி உடைப்பது?

மார்ச் 5, காலை

மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்திலிருந்து பதில்: மென்பொருளை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்க்கவும்.

பார்த்தேன்.

மார்ச் 5, மாலை

தொலைபேசியில் உதவி மையத்து ஆள் ஒருவர் கிடைத்தார். கெட்ட செய்தி சொல்லும் முன் இருமுகிறார். இருமல்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

“பூட்ட எடுக்கறது ஒரு நிமிஷ வேலை சார்.”

மூச்சு வந்தது. உடனே இருமல்.

“ஆனா எடுத்துட்டா, அவங்க அனுப்பாம வச்சிருக்கிறத சர்வர் அப்புறம் ஏத்துக்காது. அவங்க செஞ்சதெல்லாம் வீண். பூட்டு மேல சுட்டிய வைங்க, என்னைக்குப் போட்டாங்கன்னு காட்டும்.”

வைத்தேன். ஜனவரி.

“ஜனவரியா!” நீண்ட இருமல்.

அக்கா எதையும் அரைகுறையாக அனுப்பமாட்டார். முடித்தால்தான். அந்தக் குணத்தை நான் வியந்திருக்கிறேன். அப்படியே இருக்கவும் முயன்றிருக்கிறேன்.

மேலாளரிடம் அவகாசம் கேட்டேன். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். அப்புறம் நானே உடைப்பேன்.”

மார்ச் 6, வியாழன்

அக்காவின் கணவரை அழைத்தேன். பிரசவ வார்டு வாசலில் நிற்கும் மனிதரிடம் லேப்டாப்பைப் பற்றிக் கேட்கிறவன் — யார் நான்?

நேற்று குழந்தை பிறந்திருக்கிறது. பெண். இருவரும் நலம். அவரே சொல்லி, அவரே சிரித்து, நடுவில் குரல் உடைந்து. அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

“லேப்டாப்பா? சாப்பாட்டு மேஜை மேல, மூடினபடியே கிடக்கு. அவளோடத நான் தொடமாட்டேன்பா. தொட்டா வீட்ல பெரிய ரகளை.”

மூடினபடியே. அப்படியானால் மென்பொருள் உள்ளே திறந்தே இருக்கிறது. வலியோடு எழுந்தவர் சேமித்துவிட்டா எழுந்திருப்பார்? பேட்டரி திங்கட்கிழமையிலிருந்து கரைந்துகொண்டே —

இருமல்காரரிடம் சொன்னேன். இருமவில்லை, கத்தினார். “முதல்ல சார்ஜர மாட்டச் சொல்லுங்க! அணைக்கிற பட்டன் பக்கமே கை போகக்கூடாது!”

துணி எடுக்க வீட்டுக்குப் போன கணவர் அங்கிருந்து அழைத்தார். “மாட்டிட்டேன்பா. ஆரஞ்சு விளக்கு எரியுது. நல்லதா கெட்டதா?”

நல்லது. ரொம்ப நல்லது.

ஆனால் கடவுச்சொல் அக்காவிடம். நேற்று பிள்ளை பெற்றவரிடம் போய் — முடியாது. என்னால முடியாது. உடைச்சா உடைக்கட்டும். மறுபடி வரைஞ்சுக்கலாம். ஜனவரியிலேர்ந்து செஞ்சதையா? எதுல பார்த்து?

நான்கு மணிக்கு அக்காவே அழைத்தார்.

“பூட்டு என் பேர்லதானே தொங்குது? சொல்றதுக்கென்ன, வாய்ல பிளாஸ்திரியா ஒட்டியிருக்கு?”

“நீங்க ஓய்வெடுங்கக்கா…”

“ஓய்வா? இவ விட்டால்ல! இவரு என்னடான்னா, குழந்தையத் தூக்கறதவிட பயந்து பயந்து லேப்டாப்பத் தூக்கிட்டு வந்திருக்காரு. அந்த மென்பொருள் டாக்டர லைன்ல போடுடா.”

மூவரும் ஒரே அழைப்பில். முதலில் அந்தக் கணினியிலேயே தனியாக ஒரு பிரதி எடுக்கச் சொன்னார் இருமல்காரர். பிறகுதான் சர்வருக்கு. நடுவில் குழந்தை அழுதது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

என் திரையில் பூட்டு மறைந்தது. சத்தமே இல்லை. சாம்பல் போய் வெள்ளை.

“ஒரே வாரத்துல ரெண்டு பிரசவம்,” என்றார் அக்கா. “போதும்டா சாமி.”

இருமல்காரர் இருமினார். பூட்டு திரும்ப வந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல சார். இது நெஜ இருமல்.”

மார்ச் 7, வெள்ளி

புதிய வடிவத்தில் லிஃப்ட் மெதுவாக இறங்கி, ஒரு மாடியில் நின்ற பிறகே கதவைத் திறக்கிறது. வாடிக்கையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: “உள்ள இருக்கிறவங்க பயந்துடுவாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?”

அதையும் அக்கா எழுதிவைத்திருக்கிறார். முதலில் விளக்கு. பிறகு குரல். அதற்குப் பிறகுதான் அசைவு.

வாடிக்கையாளர் தலையசைத்தார். மேலாளர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

மார்ச் 10, திங்கள்

இருமல்காரர் என் புகாரை முடித்துவைத்து, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: வேலை முடியாவிட்டாலும் தினமும் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

மார்ச் 21, வெள்ளி

மின்தடைப் பகுதி இப்போது என்னிடம். பூட்டில் என் பெயர். பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

ஓர் அம்பு எந்தப் பெட்டியில் போய்ச் சேரவேண்டும் என்று புரியவில்லை. பாதியில் நிற்கிறது. அசிங்கமாக. நாளெல்லாம் பார்த்தேன்.

ஐந்தரைக்கு அப்படியே அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்காவின் வீடு நான் போகும் வழியில்தான். குழந்தையை இன்னும் பார்க்கவில்லை.