வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள்

அம்மா,

அந்த அறையில் இரண்டு நாற்காலிகளையும் எதிரெதிராகப் போடவில்லை. ஒன்று சன்னலைப் பார்த்து இருந்தது. இன்னொன்று அதன் பக்கவாட்டில், காதோரம் ஒட்டிக்கொண்டு பேசுவதற்கு வைத்தாற்போல. முகத்தைப் பார்க்காமல் பேசினால் சிலருக்குச் சுலபமாக இருக்கும் என்றாள் அங்கிருந்த ஆலோசகர் பெண். நான் உட்காரவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

தருமபுரியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு, ஒரு மருந்துக்கடையின் மாடி. மனநல ஆலோசகர் என்று பலகை. தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போயிருந்தேன். மாத்திரை எழுதியவர், "சின்ன வயசுல ஏதாச்சும் நடந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதை நம்பாமல் இந்த முகவரியை எழுதிக் கொடுத்தார். அடுத்த செவ்வாயிலிருந்து வாரம் ஒரு மணி நேரம் பேச வேண்டும். நேற்று போனது இடத்தைப் பார்த்துவிட்டு வரத்தான்.

பார்த்தேன். கதவு பிளைவுட். வெளியே ஒரு பெஞ்சு, அதில் ஓர் அம்மாள் காத்திருந்தார்.

"உள்ள பேசறது வெளிய கேக்குங்களா?" என்று அந்த ஆலோசகர் பெண்ணிடம் கேட்டேன்.

"கேக்காதுங்க மேடம். ஃபேன் ஓடிட்டே இருக்கும்."

"நீங்க உள்ள போயி கொஞ்சம் பேசுங்க. நான் இங்க ஒக்காந்து பாக்கறேன்."

அவளுக்கு முப்பது வயது இருக்கும். சிரிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினாள். முனகல்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. பெஞ்சிலிருந்த அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "கரண்டு போச்சுன்னா நல்லாவே கேக்குங்க" என்றார்.

திரும்பி வந்தவளிடம், நான் சொல்வதை எழுதப்போகிற நோட்டைப் பற்றிக் கேட்டேன். பீரோவில் பூட்டி வைப்பாளாம். சாவி யாரிடம் என்று கேட்டேன். அவளிடமாம். வீட்டுக்கு எடுத்துப் போவாளா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னாள். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை. பொறுமையாகக் கேட்பவர்களை நான் நம்பி ரொம்ப காலமாகிறது.

எனக்கு எட்டு வயது, முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய வருடம். எண்பதுகளின் நடுவில் நம் ஊருக்கு பென்னாகரம் சாலையில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். கோவில் என்பது ஓடு போட்ட ஒற்றை அறை. பங்குச் சாமியார் மாதம் ஒரு ஞாயிறு ஜீப்பில் வருவார். பாவத்தைச் சாமியார் காதில் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டெல்லாம் டவுன் கோவிலில்தான். நமக்குப் புங்கமரத்தடியில் ஒரு நாற்காலி. அவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து காதைக் கொடுப்பார். பக்கத்தில் விரித்த சாக்கில் நாம் முட்டி போட வேண்டும். வரிசை குடும்பம் குடும்பமாக நிற்கும். எனக்குப் பின்னால் நீ நின்றாய். நடுவில் நான்கடி இருந்திருக்குமா?

பாவத்தை எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்று உபதேசியார் பழக்கியிருந்தார். பொய் இத்தனை, கீழ்ப்படியாமை இத்தனை. அந்தப் பட்டியலில் நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அடி வாங்குவது பாவம் என்று நினைத்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அடித்து ஓய்ந்ததும் அப்பா மூச்சிரைக்க உட்கார்ந்து, "என்னையப் பாவம் பண்ண வெக்கறியேடி" என்பாரே, அதிலிருந்து நானே கண்டுபிடித்தது.

"எங்கப்பாவ அடிக்க வச்சேன் சாமி."

"எத்தன தடவம்மா?" எல்லாப் பாவத்துக்கும் கேட்கிற கேள்விதான்.

"வாரத்துக்கு மூணு, நாலு. தாம்புக் கயித்துல."

அவர் அப்போதுதான் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி வரிசையைப் பார்த்தார். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய்க் கோவிலுக்குள் மூன்றுக்குப் பதில் ஐந்தாகச் சொன்னேன்.

அந்த மாதம் சாமியாருக்குச் சாப்பாடு நம் வீட்டில். நீ கோழி அடித்துக் குழம்பு வைத்தாய். அப்பா தோளில் துண்டு போடாமல் நின்று பரிமாறினார். ஜீப் ஏரிக்கரை திரும்பியதும் மாட்டைக் கட்டும் அந்தக் கயிற்றை எடுத்தார். "சாமியாருகிட்டயே அப்பன் பேர வித்துட்டு வந்தியாடி?" நான் அலறியது மாட்டுக் கொட்டகை வரை கேட்டிருக்கும். நீ சாமியார் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாய். ஒரே தட்டு. திரும்பாமல் கழுவிக்கொண்டே இருந்தாய்.

சாமியார்தான் சொன்னார் என்று முடிவு கட்டினேன். அப்பாவோடு பேசிக்கொண்டே சாப்பிட்டவர் அவர்தானே. அதற்குப் பிறகு சங்கீர்த்தனத்தில் நான் உண்மை எதையும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டும் என்றபோது, "கோபப்பட்டேன் சாமி, ரெண்டு தடவ" என்று சொல்லி எழுந்து வந்தேன். பிறகு கோவிலுக்கே போகவில்லை. இன்றைக்கும் வங்கியானாலும் ரேஷன் கடையானாலும் கடைசி ஆளாகத்தான் நிற்பேன். யாராவது பின்னால் வந்து சேர்ந்தால், "நீங்க முன்னால போங்க" என்று வழிவிடுவேன். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்பா போய் ஆறு வருடம் கழித்து, உன் கடைசி வருடத்தில், என் வீட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் சொன்னாய்.

"அன்னிக்கு நாந்தான் உங்கப்பங்கிட்ட சொன்னேன்."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"சாமியாருக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே புள்ளையத் தொடாதீங்கன்னு சொன்னேன். வெக்கப்பட்டு நிறுத்திருவாருன்னு நெனச்சேன்டி."

"இத இப்ப எதுக்குச் சொல்ற?"

"நீ அந்த மனுசன நெனச்சுக்கிட்டுத்தான் கோவிலுக்கு வர மாட்டேங்கற. அவரு என்ன பண்ணாரு பாவம்."

நான் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து மாதத்தில் நீயும் போய்விட்டாய்.

அன்றிலிருந்து ஒரு சந்தேகம் இரண்டாகிவிட்டது. நீ சொன்னது நிஜமா? இல்லை, என்னைக் கோவிலுக்கு இழுப்பதற்காகச் சாமியாரின் பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொண்டாயா? நீ அதைச் செய்யக்கூடியவள். அப்பாவின் தப்பையெல்லாம் உன்னுடையது என்று ஊருக்குச் சொன்னவள். உன் இடது முழங்கை நீளாததற்குக் கிணற்றடி வழுக்கல் என்று என் மகளிடம்கூடச் சொன்னாய்.

யாரைப் பற்றி முதலில் பேசத் தோன்றுகிறதோ அங்கிருந்து தொடங்கலாம் என்றாள் நேற்று அந்தப் பெண். மனதில் அப்பா வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அவரைப் பற்றிச் சொல்லப் பத்து நிமிடம் போதும், அடித்தார், செத்தார். வந்தது நீ. எனக்குப் பயம் அங்கேதான். உங்கள் அம்மா உங்களைக் காப்பாற்றவில்லை என்று அவள் சொல்லிவிடுவாள். அல்லது, பாவம், அவரும் அடிபட்டவர்தானே என்று சொல்லி நோட்டை மூடிவிடுவாள். எதைச் சொன்னாலும் அந்தத் தட்டைக் கழுவிய முதுகை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, வேறு யாரோ ஒரு அம்மாவைத் திருப்பித் தருவாள். எனக்கு மிச்சமிருப்பது அந்த முதுகுதான். அதைக் கொடுக்க மனமில்லை. வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை.

போக வேண்டாம் என்று நேற்றிலிருந்து நான்கு முறை முடிவு செய்துவிட்டேன். காலையில் என் மகள் சமையலறையில் எனக்குப் பின்னால் வந்து நின்று, "வரிசையில நிக்கறேம்மா, என் முறை எப்ப வரும்?" என்று ஏதோ விளையாட்டாகச் சொன்னாள். கையிலிருந்த கரண்டியை அவள் மேல் எறிந்துவிட்டேன். காயமில்லை. ஆனால் அவள், "நான்தாம்மா உன்னக் கோபப்படுத்திட்டேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போகிறேன். அந்தப் பெண்ணை நான் நம்பவில்லை. அந்தக் கதவையும் நம்பவில்லை. உன்னைக் காட்டிக் கொடுக்கத்தான் போகிறேன், அம்மா. நீ சொன்னது நிஜமானால், நீ என்னைக் காட்டிக் கொடுத்த அதே காரணத்துக்காக. வெளியே ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் இது நின்றுவிடும் என்று.