வெள்ளிக்கிழமை அரைச் சுற்று

இன்று காலை திருவானைக்காவலில் ஒரு சைக்கிள் கடையைத் தாண்டும்போது கிரீஸ் வாசனை வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் வாசனை ஊரெல்லாம் வருகிறது.

ஆற்றின் மேல்பக்கம் வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன அணை, அதை ஒட்டி ஒரே ஒரு மெஷின் உள்ள மின்நிலையம். எழுபதுகளில் அங்கே நாம் இருவரும் ஆபரேட்டர்கள். ஸ்ரீரங்கத்துக்காரன் நீ, புத்தூர்க்காரன் நான். வேலைக்குப் போக நான் பஸ்ஸில் ஏறியதும் "வாங்கோ ஃபாதர்" என்று கும்பிடுவாய், மாதா கோயில் பூசைக்குக்கூட ஒழுங்காகப் போகாத என்னைப் பார்த்து.

ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் மெஷினை நிறுத்தினார்கள். "மழை வந்தா திரும்ப ஓட்டலாம்" என்றார் மேலதிகாரி. அவர் சும்மா சொன்னார், நீ நம்பிவிட்டாய். நம் இருவரையும் காவலுக்கு விட்டுவைத்தார்கள். ஓடாமல் கிடக்கும் மெஷினின் ஷாஃப்ட், அந்த நீள இரும்புத்தண்டு, தன் கனத்திலேயே தொய்ந்துவிடும் என்று, வெள்ளிக்கிழமைதோறும் கடப்பாரை போட்டு அதை அரைச் சுற்று திருப்புவோம். எனக்கு இடுப்பு விட்டுப்போகும்.

"எதுக்குடா இந்த வீண் வேலை?" என்பேன்.

"ஒரே பக்கமா கிடந்தா வளைஞ்சு போயிடும்டா. நாளைக்கே ஓட்டச் சொன்னா என்ன பண்ணுவே?"

மழை வந்தது, வெள்ளமே வந்தது. ஓட்டச் சொல்லி மட்டும் யாரும் வரவில்லை.

கடைசியில் பழைய இரும்புக்காரரின் லாரி வந்தது. அன்றும் வெள்ளிக்கிழமை. இரும்பு அறுக்கிற கேஸ் சிலிண்டரை அவர்கள் இறக்குவதற்குள் நீ கடப்பாரையோடு வந்து நின்றாய். நான் மறுபக்கம் பிடித்தேன். "அறுக்கப்போறதுக்கு எதுக்கு சார் இது?" என்று லாரிக்காரர் சிரித்தார். திருப்பி முடித்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு நீ வெளியே போனாய். எனக்கு அழுகை வந்தது.

பிறகு உனக்குப் பக்கவாதம். புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், "ஒரே பக்கமா படுக்க வைக்காதீங்க, புண் வந்துடும்" என்றபோது என்னைப் பார்த்துக் கோணல் வாயோடு சிரித்தாயே! உன் மனைவியும் நானும் உன்னைப் புரட்டிப் படுக்க வைத்தோம். டாக்டர் கைவிரித்த அன்றும் புரட்டினோம்.

"இனிமே எதுக்குண்ணா?" என்று உன் மனைவி அழுதார்.

"நாளைக்கே ஓட்டச் சொன்னா?" என்ற உன் பதில்தான் என்னிடம் இருந்தது. நான் மறுபக்கம் போய் உன் தோளைப் பிடித்தேன்.

உன் நம்பிக்கை எனக்கு வரவே இல்லையடா. அது உன்னோடு போய்விட்டது. பழக்கம்தான் தங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை விடிந்தால் கை கடப்பாரையைத் தேடுகிறது. திருப்புவதற்கு ஒன்றுமில்லை, மறுபக்கம் பிடிக்க நீயும் இல்லை.