முனியாண்டி சொன்ன மூன்று வாக்கியங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ், 1931, வெள்ளிக்கிழமை இரவு.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவியும் அருவருப்புப் போகவில்லை. வெள்ளைக்காரத் துரை குலுக்கிய கை இது.

ரயில்பாதைக் கூலியாட்களுக்கு நான் நடத்தும் மாலை ஆங்கில வகுப்பைப் பார்க்க அவர் இன்று வந்தார். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் பெருமாளும் பின்னால் கைகட்டி நின்றான். 'ஐ', 'ஹி', 'தே' என்று ஒவ்வொன்றோடும் நடந்து முடிந்த வினையைச் சேர்த்து, ஆட்களைக் கோரஸாகச் சொல்ல வைத்துப் பழக்கியிருந்தேன். சொந்தமாக யாராவது சொல்லட்டும் என்றார் துரை.

முனியாண்டி எழுந்தான். நேற்று பெருமாளிடம் உதைபட்ட முழங்கால் அவனுக்கு இன்னும் வீங்கியிருந்தது. மண்டோருக்கு நேராக விரலை நீட்டி நிதானமாகச் சொன்னான்.

"ஹி கிக்டு மீ. ஐ ஃபெல். ஹி லாஃப்டு."

இவன் உதைத்தான், நான் விழுந்தேன், இவன் சிரித்தான். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. துரையின் பார்வை அந்த முழங்காலில் சற்றே நின்றது. பிறகு, "லாஃப்டு இல்லை, லாஃப்ட்" என்று திருத்தி, வகுப்பு முழுவதையும் சொல்லச் சொன்னார். எல்லோரும் பெருமாளைப் பார்த்தபடியே சொன்னார்கள்.

"நம்ம ஆளுங்க நல்லா படிக்கிறானுங்க தொரை," என்று பெருமாள் இளித்தான். துரை கைதட்டினார். கூடவே நானும் தட்டினேன். தூ.

போகும்போது முனியாண்டி வாசலில் நின்று கேட்டான். "சரியாத்தானே சொன்னேன் வாத்தியாரே? தொரைக்கு ஏன் வெளங்கல?"

அவருக்கு நன்றாகவே விளங்கியது. "லாஃப்ட்" என்று மறுபடி சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.