சிலிண்டர் கழுத்தில் இருக்கும் எழுத்து

அன்பு மகள் கீர்த்திக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பா படுக்கையில் அப்படியேதான் இருக்கிறார், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிருக்கு இதமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறோமே, புதிதாக என்ன கடிதம் என்று கேட்பாய். இனிமேல் அந்தத் தரமணி முதியோர் இல்லத்தைப் பற்றி அப்பா காதுபடப் பேசக் கூடாது, அதனால்தான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ சொன்னதில் தப்பு இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, நம்மை அடையாளம் தெரிகிறதா என்பதே தெரியவில்லை, அம்மா, நீ ஒருத்தியாக எத்தனை நாள் புரட்டிப் படுக்க வைப்பாய், இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஃபோனில் சொன்னாய். அவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே சரி என்றேன். ஒன்றாம் தேதி வந்து கூட்டிப்போவதாக அவர்களும் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போகுமே, சில மாதமாக நான் முழுசாக அப்படித்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், மோட்டார் போடுகிறேன், துணி காயப்போடுகிறேன். எதிர்வீட்டு ரகுபதி சார் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், போய்க் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன். பெண் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டால் தெரியாது. சேலைக் கடைக்காரர் பெண்டாட்டி சொல்கிற பேச்சா இது.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. உஸ்மான் ரோடு கடையில் ஒரு பட்டுக்கூட்டில் ஒரே இழை அரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று ஆரம்பித்தால், விலை கேட்டவர்கள் விலையை மறந்துவிடுவார்கள். வீட்டிலும் அதே கதைதான். பேனா மூடி நுனியில் ஏன் ஓட்டை, குழந்தை விழுங்கிவிட்டாலும் மூச்சு போவதற்கு. நாணயத்தில் வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அடித்தது, புள்ளி இருந்தால் நொய்டா. கேட்டு முடிப்பதற்குள் என் காபி ஆறிவிடும். யாராவது தப்பாகச் சொன்னால் மட்டும் மனுஷருக்குப் பொறுக்காது. உன் கல்யாணப் பந்தியில் உன் மாமனார் ஆண் கொசுதான் கடிக்கும் என்று சொல்லப்போக, வாயில் பாயசத்தோடு பெண் கொசு, பெண் கொசு என்று திருத்தினாரே. எனக்கு மானம் போயிற்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற நஸ்ருன்னிசா, அவருக்குப் பிடிச்சதையே பேசிட்டிருங்க ஆன்ட்டி என்றாள். நான் ஒரு படி மேலே போய் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொன்னேன். ஆண் கொசு கடிக்கும் என்றேன், மூன்று இதயம் இருக்கிற ஆக்டோபஸுக்கு ஒரே ஒரு இதயம் என்றேன், நட்சத்திரம் போட்ட நாணயம் நொய்டா என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சரி, உள்ளே ஆள் இல்லை என்று விட்டுவிட்டேன்.

நேற்று கேஸ் போடுகிற ஷரீஃப் சிலிண்டர் கொண்டுவந்தார். அதன் கழுத்து வளையத்தில் எழுத்தும் வருடமும் போட்டிருக்கும், அடுத்த சோதனை எப்போது என்பதற்கு. ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, அதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். பி 27 என்று இருந்தது. நான் ஏதோ நினைப்பில் மார்ச் வரைக்கும் இருக்கு, இறக்கி வைப்பா என்றேன். உள்ளே இருந்து, ஜூன் என்று கேட்டது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தேன். ஷரீஃப்தான், இன்னாம்மா நீ, அய்யா கரெக்டா சொல்றாரு, நீ மார்ச்சுன்னு சொல்லிக்கினு கீறியே என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். கோணின வாயோடு, முகத்தில் அந்தப் பழைய எரிச்சல். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத எரிச்சல். அழுகை வரவில்லை. பாலை அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டேன், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. ஒரு வார்த்தையை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறாள் நஸ்ருன்னிசா. சொல்லட்டும். சிலிண்டர் பேச்சு காதில் விழுந்தவருக்கு, நான் இல்லத்துக்குச் சரி என்றதும் விழுந்திருக்கும்தானே கீர்த்தி. அன்றைக்குச் சரி என்றது தப்பு.

காலையில் இல்லத்துக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பகலில் துணைக்கு ஓர் ஆள் பார்த்துத் தருவதாக ரகுபதி சார் சொல்லியிருக்கிறார். இனி நீ கூப்பிடும்போது எப்படி இருக்கீங்கப்பா என்று அழாமல், வேறு எதையாவது பேசு. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவார். உனக்கு இயல்பாக வருவதே போதும், பூகோளத்தில் நீ வாங்கின மார்க்கு எனக்கு மறக்கவில்லை.

குழந்தை கையில் பேனா கொடுத்தால் மூடியைப் பார்த்துக் கொடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். இதில் தப்பு ஏதாவது இருந்தால் நீ சொல்ல வேண்டாம், அப்பா திருத்தட்டும். அவர் காதுபடக் கூடாது என்று ஆரம்பித்தவள்தான், இப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, சரி என்றது தப்பு என்று நான் எழுதியிருப்பதையும் சேர்த்து, முழுசாக வாசித்துக் காட்டப்போகிறேன்.

அன்புடன்,
உன் அம்மா
தங்கபுஷ்பம் நல்லசிவம்