நீ அழித்த நாற்பத்தெட்டுப் படங்கள்

பசறை
நவம்பர் 28

அன்பு மகன் ரஜீவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி யசோதினி மூவரும் முருகன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கட்டார் வெயிலில் வாடாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் பாதியில் சிக்னல் போய்விடும், போகாவிட்டால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, ஆகவே உட்கார்ந்து முழுவதும் படி. நாங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு மாறியது உனக்குத் தெரியும், எப்படி மாறினோம் என்பது தெரியாது. அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, உடனே பெருமைப்பட்டுவிடாதே, அது நல்ல பங்கு இல்லை.

சித்திரை மழை விட்ட பிறகு நம் லயத்தின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு தீக்குச்சி நுழையும் அளவுதான். பின்னால் மண் மேடு, அதற்கு மேலே தேயிலை மலை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன், அவர் வந்துகூடப் பார்க்காமல் “அது வெள்ளக்காரன் காலத்து வெடிப்பும்மா, அப்புடியேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டார். அப்படியேதான் இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். நீ போகும்போது கொடுத்துவிட்டுப் போன உன் பழைய போனில் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும் முன் மூன்று படம் எடுப்பேன், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மேட்டுக்கு ஒன்று. அளவு தெரியவேண்டும் என்று வெடிப்பின் பக்கத்தில் தீப்பெட்டியைப் பிடித்துக்கொள்வேன். அப்பா “ஊரு சனம் சாமியப் படம் எடுக்குது, இவ செவுத்த எடுக்குறா” என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஆடி மாதம் என் சுண்டு விரல் நுழைந்தது, அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டார். உன்னிடம் சொன்னால் அங்கே தூங்காமல் கிடப்பாய் என்று சொல்லவில்லை. சொல்லாதது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

போன் நிறைந்துவிட்டால் எந்தப் பொத்தானை அமர்த்தவேண்டும் என்று நீதானே காட்டிக்கொடுத்தாய், படமெல்லாம் மேலே கிளவுட்டில் பத்திரமாக இருக்கும், போனில் மட்டும் இடம் காலியாகும் என்றாய். நானும் அப்படியே செய்தேன். மேலே என்றால் கோயில் உண்டியல் மாதிரி, போட்டதை யாரும் எடுக்க முடியாது என்று நினைத்தேன். ஐப்பசியில், அடைமழைக்கு முன் லயங்களைப் பார்க்கப் பதுளையிலிருந்து மண்சரிவு அதிகாரி செவ்வாய்க்கிழமை வருவதாகத் தோட்டத்துக்குக் கடிதம் வந்தது. வெடிப்புக்குள் அப்போது தீப்பெட்டியே நுழைந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை படங்களைத் திறந்து பார்க்கிறேன், கடைசி எட்டு வாரத்துப் படம் மட்டும் இருக்கிறது, முன்னால் எடுத்த நாற்பத்தெட்டையும் காணோம். எல்லாமே அகலமான வெடிப்பு, அது சின்னதாக இருந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. கணக்கப்பிள்ளை சொன்னதே உண்மையாகிவிடும், லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் அந்த மேட்டுக்குக் கீழேயே கிடக்கவேண்டியதுதான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை மகன்.

அடுத்த பஸ்ஸிலேயே பசறை டவுனுக்கு இறங்கி, போட்டோக் கொப்பி எடுக்கிற ஷாகிராவின் கடைக்குப் போனேன். அந்தப் பிள்ளை போனை வாங்கிப் பார்த்துவிட்டு “அம்மா, இது உங்கட மகன்ட கணக்கு. அவர் அங்க அழிச்சா இங்கயும் போயிரும்” என்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆவணியில் நீ போனில் “அம்மா, எடமே இல்ல, வேண்டாத படத்தயெல்லாம் அழிச்சிட்டேன்” என்றாய். நான் வேறு “நல்ல காரியம்ப்பா” என்று உன்னை மெச்சினேன்! அம்மா கை தவறிச் சுவரை எடுத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். நீ ஹோட்டலில் சமைத்து அடுக்கின பிரியாணித் தட்டு எழுபதும் அப்படியே இருக்கிறது, நாங்கள் குடியிருக்கிற சுவர் மட்டும் வேண்டாததாகிவிட்டது. அந்த நிமிஷம் நீ எதிரே இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஆனால் ஷாகிரா, அழித்தவை குப்பைக்கூடையில் அறுபது நாள் கிடக்கும் என்று சொல்லித் திறந்து காட்டியது. ஒவ்வொரு படத்தின் மேலும் மூன்று நாள் மிச்சம் என்று இருந்தது. “நீங்களே அமத்துங்க அம்மா, அப்பத்தான் மறக்காது” என்றது. என் விரலாலேயே ஒவ்வொன்றாகத் தொட்டு, நாற்பத்தெட்டையும் திரும்ப எடுத்தேன். கடைக்குள்ளேயே அழுதுவிட்டேன், வெட்கமாக இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி வந்தார், மதுஷா என்று ஒரு சிங்கள மிஸ், உன் வயதுதான் இருக்கும். கணக்கப்பிள்ளை வெள்ளைக்காரன் கதையைத் தொடங்கினார். நான் போனை நீட்டினேன். திகதியோடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரிசையாக வந்தது. மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் “அம்மா, இது எல்லாம் நீங்க எடுத்தது?” என்று கேட்டார், ஆமாங்க என்றேன். மேட்டில் ஏறி அளந்துவிட்டு வந்து, ஒருவரும் இங்கே இருக்கக்கூடாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கட்டி முடித்த வீடுகள், திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் யாரோ வரவேண்டும் என்று எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தன அல்லவா, அந்தப் பூட்டுகளின் திறப்பு பன்னிரண்டும் நான்கே நாளில் எங்கள் கைக்கு வந்தது. ரிப்பனும் இல்லை, மாலையும் இல்லை, அப்பா ஒரு தேங்காய் உடைத்தார், அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை இப்போது என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்து நடக்கிறார்.

இந்த மாதம் பதினைந்தாம் திகதி பகல், மேடு சரிந்து லயத்தின் மேல் விழுந்தது. நம் அடுப்படி இருந்த இடத்தில் மண்தான் இருக்கிறது. பன்னிரண்டு குடும்பத்தில் ஓர் உயிருக்குச் சேதமில்லை, ஒரு குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

இனி நீ கேட்டுக்கொள். இடம் காலியாக்குவது வேறு, அழிப்பது வேறு. முதலாவதில் போனில் மட்டும்தான் போகும், மற்றதில் மேலேயும் சேர்ந்து போய்விடும், உனக்கு நானே சொல்லித்தரவேண்டி வந்தது பார். ஷாகிரா எனக்குத் தனிக் கணக்கு திறந்து என் பெயரையே போட்டுக்கொடுத்தது, சுவர்ப் படங்களை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டேன். அப்பாவுக்கு வருகிற காலை வணக்க ரோஜாப்பூ ஆயிரத்துச் சொச்சத்தை நானே அழித்துத் தள்ளினேன். இப்போது பெண்கள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேரே என்னிடம் போனை நீட்டுகிறார்கள், “அக்கா, எடம் இல்லயாம், பாருங்க” என்று. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று யசோதினி சொல்கிறாள், வரட்டுமே. உன் பிரியாணித் தட்டுகளைத் தொடவில்லை, ஆனால் எழுபது எதற்கு, நல்லதாகப் பத்து வைத்துக்கொள்.

நேரத்துக்குத் தூங்கு, வெயிலில் தலையை மூடிக்கொள். எந்தக் குறையும் அண்டாமல் நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், சாமிக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாததால், பதுளையில் உனக்கு வேலைக்கு வந்த நேர்முகக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் பதினொரு நாள் கிடந்து, திகதி முடிந்த பிறகு உன் கைக்கு வந்தது, அதற்குப் பிறகுதான் நீ கட்டாருக்குப் போனாய். இனி நமக்கு வருகிற கடிதம் ஆபீசுக்குப் போகாது. போன வாரம் கதவில் இலக்கம் அடித்துவிட்டார்கள், தபால்காரர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டும் போனார். பதில் எழுது, இந்த விலாசத்துக்கு எழுது, நம் வீட்டு வாசலில் வந்து என் பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்கட்டும்.

உன் அன்பு அம்மா,
பாக்கியலெட்சுமி தம்பையா,
இலக்கம் 9, பள்ளிக்கூடத்து வீதி,
மேற்பிரிவு, பசறை.